வாசகர் கேட்டவை: துரைமாரும் பிரபுப் பட்டங்களும்

நுவரெலியா ஏரிக்குப் பெயர் தந்த ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியைப் பற்றி முன்னர் எழுதிய ஒரு குறிப்பில், அவர் நைட் பட்டம் பெற்றவரேயன்றிப் பரம்பரைப் பிரபு அல்லர் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அந்த விடயத்திற்கே ஒதுக்கியுள்ளோம்.

என் பேரனின் பாடக் குறிப்பில் "லிப்டன் பிரபு" என்று இருக்கிறது. என்னிடமுள்ள பழைய நூலொன்றில் "சேர் தோமஸ் லிப்டன்" என்று உள்ளது. எது சரி? அந்தப் பட்டம் பரம்பரைப் பட்டமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அப்புத்தளை

தங்கள் பழைய நூலே சரி. லிப்டன் ஒருநாளும் பிரபுவாக இருந்ததில்லை. பிரித்தானியாவில் பிரபுப் பட்டங்கள் ஐந்து படிகளாக உள்ளன. டியூக் எல்லாவற்றிலும் மேலானது, அதன் கீழ் மார்க்விஸ், ஏர்ல், விஸ்கவுண்ட், பாரன் என்று இறங்கி வரும். இந்த ஐந்துக்கும் கீழே பாரனெட் என்றொரு பட்டம் உண்டு. அது தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் பரம்பரைப் பட்டம்தான் என்றாலும், அதை வைத்திருப்பவர் பிரபு வரிசையில் சேரமாட்டார். அதற்கும் அடுத்தது நைட். அது பெற்றவரின் ஆயுளோடு முடிந்துவிடும். பாரனெட்டையும் நைட்டையும் "சேர்" என்ற ஒரே முன்னொட்டால் அழைப்பதால்தான் இவ்வளவு குழப்பமும். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் நைட் பட்டம் பெற்றவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த "சேர்" செல்லவில்லை.

லிப்டனின் கதையில் இரண்டும் உண்டு. 1848இல் கிளாஸ்கோ நகரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்து, மளிகைக் கடைகளால் செல்வந்தரான அவர், 1890இல் இலங்கைக்கு வந்து, கோப்பி அழிந்து விலை வீழ்ந்திருந்த தோட்டங்களை வாங்கினார். தங்கள் ஊருக்கு அருகிலுள்ள தம்பேதென்னயும் அவற்றில் ஒன்று. 1898இல் விக்டோரியா அரசி அவருக்கு நைட் பட்டம் அளித்தார். 1902இல் அவர் பாரனெட் ஆக்கப்பட்டார். ஆகவே அவருக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அவரும் "சேர்" என்று அழைக்கப்பட்டிருப்பார். லிப்டன் மணம் செய்யாமலே 1931இல் காலமானதால், முதல் பாரனெட்டாகிய அவரோடு அந்தப் பட்டமும் அற்றுப்போனது. சொத்தின் பெரும்பகுதியை அவர் பிறந்த நகருக்கே எழுதி வைத்தார்.

பாரனெட் பட்டம் பிறந்த விதத்தையும் பேரனுக்குச் சொல்லுங்கள். 1611இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர், அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் நிறுத்திய படைக்குப் பணமில்லாமல் திண்டாடியபோது, 30 படைவீரர்களை மூன்று ஆண்டுகள் பராமரிக்கும் செலவாகிய 1,095 பவுணைச் செலுத்தக்கூடிய கனவான்களுக்கு இப்பட்டத்தை ஏற்படுத்தினார். தொடக்கத்திலேயே விலைப்பட்டியல் ஒட்டப்பட்ட கௌரவம் அது. இன்னொன்று: "சேர்" என்பதை முதற்பெயரோடுதான் சேர்க்க வேண்டும். "சேர் தோமஸ்" என்பது முறை. நம் பத்திரிகைகளில் அடிக்கடி காணும் "சேர் லிப்டன்" முறையன்று.

நான் பிறந்தது டொரிங்டன் தோட்டத்தில். ஆளுநராக இருந்த டொரிங்டன் உண்மையிலேயே பிரபுவா, அல்லது அவரும் "சேர்" தானா?
– இளைஞர், அக்கரப்பத்தனை

ஐயமில்லாமல் பிரபு, அதுவும் பரம்பரைப் பிரபு. 1847இல் ஆளுநராக வந்த ஜோர்ஜ் பிங், ஏழாவது டொரிங்டன் விஸ்கவுண்ட். குடும்பப் பெயர் பிங். டொரிங்டன் என்பது பட்டத்தின் பெயர். இந்த வேறுபாடு தெரியாவிட்டால் ஆங்கிலேயர் வரலாற்றில் ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணிவிடுவோம். அப்பட்டத்தை முதலில் பெற்றவர் கடற்படைத் தளபதி ஜோர்ஜ் பிங், ஆண்டு 1721. அவருடைய இளைய புதல்வர்களில் ஒருவரான ஜோன் பிங்கும் கடற்படைத் தளபதிதான். மினோர்கா தீவைக் காக்கத் தம்மால் இயன்றதைச் செய்யவில்லை என்று இராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், 1757இல் கப்பல் தளத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பிரபுவின் மகன் என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

ஏழாவது விஸ்கவுண்டின் கதை வேறு விதம். ஆட்சி அனுபவம் அதிகமில்லாத அவர், முப்பதுகளின் நடுவில் இலங்கையின் ஆளுநரானார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வீதி அமைக்க ஆறு நாள் கட்டாய வேலை அல்லது அதற்கு ஈடான பணம் என்று அவர் காலத்தில் விதிக்கப்பட்ட சுமைகள்தான் 1848இல் மாத்தளைக் கலகமாக வெடித்தன. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். காவி உடையோடு ஒரு பிக்குவும் கொல்லப்பட்டார். இலண்டனில் நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. 1850இல் ஆளுநர் திரும்ப அழைக்கப்பட்டார். பதவி போனதேயன்றிப் பட்டம் போகவில்லை. நிர்வாகத்தில் தவறியதற்காகப் பரம்பரைப் பட்டத்தைப் பறிக்கும் வழக்கம் அங்கு இல்லை. மகனில்லாமல் அவர் இறந்தபோது அது அவருடைய சகோதரரின் மகனுக்குச் சென்றது.

இத்தனை அனுபவக் குறைவுள்ள ஒருவர் எப்படி இந்தப் பதவிக்கு வந்தார் என்று கேட்பீர்களானால், அதற்கான விடையின் ஒரு பகுதி அடுத்த பதிலில் வருகிறது.

பிள்ளைகளோடு அடிசம் பங்களாவைப் பார்க்கச் சென்றிருந்தேன். அதைக் கட்டியவர் இங்கிலாந்துப் பிரதமர் ஒருவரின் பேரன் என்று சொன்னார்கள். பிரபு வம்சத்தவர் என்றால் அவருக்கு ஏன் பிரபுப் பட்டம் இல்லை? நம் தோட்டங்களில் இருந்த துரைமார் எல்லாரும் அப்படிப்பட்ட குடும்பத்தவர்கள்தானா?
– குடும்பத் தலைவி, பண்டாரவளை

அம்மா, வந்த கடிதங்களுள் விரிவாக விடை சொல்ல வேண்டியது தங்களுடையதே.

அப்புத்தளை அடிசத்தைக் கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். கென்ற் மாவட்டத்தில் அவர் பிறந்த அடிசம் என்ற கிராமத்தின் பெயரையே இந்தக் கருங்கல் மாளிகைக்கும் சூட்டினார். தந்தை ஒரு திருச்சபைக் குரு. தாத்தா டர்ஹம் மறைமாவட்டத்தின் ஆயர். அந்த ஆயரின் அண்ணன் நான்காவது கிளாரண்டன் ஏர்ல், பிரித்தானியாவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். தாய் விக்டோரியா, பிரதமராக இருந்த ஜோன் ரஸலின் மகள். இருபுறமும் இத்தகைய உறவுகள் இருந்தும் வில்லியர்ஸ் பிறக்கும்போது வெறும் "திரு" தான். பின்னாளில் கிடைத்த "சேர்" அவருக்குத் தனிப்பட்ட முறையில் அளிக்கப்பட்ட நைட் பட்டம்.

காரணம், பிரித்தானியப் பரம்பரைப் பட்டம் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே உரியது. தந்தை இறந்தால் மூத்த மகன். அவருக்கு மகன் இல்லையேல் அடுத்த மகன். அந்தக் கிளையும் அற்றால் பின்னோக்கிச் சென்று அடுத்த ஆண்வழிக் கிளை. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய தேயிலை மலை ஒற்றையடிப் பாதையைப் போன்றது அது. மற்ற பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் சாதாரணக் குடிமக்கள். ஐரோப்பாவின் வேறு சில நாடுகளில் பிரபுவின் பிள்ளைகள் எல்லாரும் பிரபுக் குலத்தவராகவே எண்ணப்பட்டார்கள். இங்கிலாந்தில் அப்படியில்லை. பட்டத்தோடு நிலமும் மாளிகையும் மூத்தவருக்கே போய்ச் சேரும்படி உறுதி எழுதி வைப்பது அக்குடும்பங்களின் வழக்கம். இளையவர்களுக்கு எஞ்சியிருந்தவை படை, திருச்சபை, சட்டம், இந்தியா, இலங்கை.

ரஸலையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆறாவது பெட்ஃபோர்ட் டியூக்கின் மூன்றாவது மகன். டியூக், மார்க்விஸ் ஆகியோரின் இளைய மகன்மாருக்கு மரியாதைக்காக முதற்பெயரின் முன்னே "லோர்ட்" சேர்த்து அழைப்பது வழக்கமாதலால், அவர் "லோர்ட் ஜோன் ரஸல்" என்று அழைக்கப்பட்டார். அது அழைப்பு மட்டுமே. சட்டப்படி சாதாரணக் குடிமகனாக இருந்தபடியால்தான் 1813 முதல் 1861 வரை பொதுமக்கள் சபையில் உறுப்பினராக இருக்க முடிந்தது. 1861இல் அவருக்கே தனியாக ஏர்ல் பட்டம் வழங்கப்பட்ட பிறகுதான் உண்மையான பிரபுவாகிப் பிரபுக்கள் சபைக்கு மாறினார். அந்தப் பட்டம் அவருடைய மகன்வழிப் பேரப்பிள்ளைகளுக்குச் சென்றது. மெய்யியலாளர் பேர்ட்ரண்ட் ரஸல், அண்ணன் இறந்தபின் 1931இல் மூன்றாவது ஏர்ல் ஆனார். மகள்வழிப் பேரனான வில்லியர்ஸ் அதே ஆண்டில் அப்புத்தளையில் வீடு கட்டி முடித்தார். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இருவரில் ஒருவருக்குப் பட்டம், மற்றவருக்குத் தேயிலை.

இப்போது அக்கரப்பத்தனை இளைஞருக்கு நான் சொன்ன மீதி. 1847இல் டொரிங்டன் ஆளுநராக நியமிக்கப்பட்டபோது பிரதமராக இருந்தவர் இதே ரஸல். ரஸலின் தாயார் ஜோர்ஜியானா யார் என்றால், நான்காவது டொரிங்டன் விஸ்கவுண்டின் மகள். ஆக மாத்தளையைக் கலக்கிய ஆளுநரும், அவர் காலத்துப் பிரதமரும், அடிசம் பங்களாவின் சொந்தக்காரரும் ஒரே உறவு வலையில் உட்பட்டவர்கள். பட்டம் ஒருவரிடம் மட்டுமே இருந்தாலும், பட்டத்தால் வந்த செல்வாக்கு மைத்துனன், மருமகன், ஒன்றுவிட்ட சகோதரன் என்று பக்கவாட்டில் பரவிச் சென்றது. மலையகத்தைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது இதுவே என்பது என் எண்ணம். பட்டத்தை வைத்திருந்தவர்கள் இங்கு வந்தது குறைவு. அவர்களுடைய உறவினர்கள் வந்து ஆண்டார்கள், நிலம் வாங்கினார்கள், கம்பனித் தலைவர்களானார்கள். 1883 முதல் 1890 வரை ஆளுநராக இருந்த சேர் ஆர்தர் கோர்டனும் அபர்தீன் ஏர்லின் கடைசி மகன். அந்த ஏர்லும் ஒரு பிரதமர். கோர்டன் தம் பங்குக்கு 1893இல் ஸ்டான்மோர் பாரன் ஆனார். அவருடைய மகனோடு 1957இல் அது முடிந்துபோனது.

ஆனால் துரைமார் எல்லாரும் இத்தகைய குடும்பத்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நம் பெரியவர்கள் பெரிய துரையையும் சின்னத் துரையையும் ஏதோ அரச குலத்தவர் போல நினைவுகூர்வதுண்டு. பங்களாவும் குதிரையும் அப்படி எண்ணவைத்தன. உண்மையில் பலர் ஸ்கொட்லாந்தின் சிறு விவசாயிகள், கைவினைஞர்கள் ஆகியோரின் பிள்ளைகள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. டெயிலருக்கு எந்தப் பட்டமும் கிடைக்கவில்லை; தேயிலையை விற்ற லிப்டனுக்கு இரண்டு கிடைத்தன.

அடுத்த முறை அடிசம் செல்லும்போது, இப்போது அங்கே வாழும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் விற்கும் ஜாம் போத்தல்களை வாங்குவதோடு நில்லாமல், வில்லியர்ஸின் நூலக அறையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் பெயர் தந்த ஆளுநர் ஹோர்ட்டன் எந்தப் படியைச் சேர்ந்தவர்?
– வாசகர், பட்டிப்பொல

அவர் சேர் ரொபர்ட் வில்மட்-ஹோர்ட்டன், மூன்றாவது பாரனெட். ஆளுநராக இருந்தது 1831 முதல் 1837 வரை. பதவியில் இருக்கும்போதே, 1834இல் தந்தை இறந்ததால் பரம்பரைப் பட்டம் அவரிடம் வந்தது. சுவையான செய்தி ஒன்று: அவர் பிறந்த குடும்பத்தின் பெயர் வில்மட் மட்டுமே. ஹோர்ட்டன் அவருடைய மனைவியின் குடும்பப் பெயர். ஆண் வாரிசு இல்லாத மாமனார், தம் குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்ததால், மருமகன் 1823இல் பெயரை மாற்றிக்கொண்டார். நிலமுள்ள ஆங்கிலக் குடும்பங்களில் இது பரவலான வழக்கம். இரண்டு பெயர்களைக் கோடிட்டு இணைத்த பல குடும்பப் பெயர்களுக்குப் பின்னால் இப்படியோர் உயில் இருக்கும். நம் சமவெளிக்குக் கிடைத்திருப்பது ஆளுநரின் மாமனார் வீட்டுப் பெயர்.

எங்கள் தோட்டத்தின் பெயர் குயின்ஸ்பெரி. இணையத்தில் தேடியபோது குயின்ஸ்பெரி டியூக் என்று ஒருவரும் குயின்ஸ்பெரி மார்க்விஸ் என்று இன்னொருவரும் வருகிறார்கள். இருவரும் ஒருவரா?
– உயர்தர மாணவி, கொத்மலை

இருவேறு ஆட்கள், மகளே. ஒரு காலத்தில் ஒருவராக இருந்தவர்கள்.

பட்டம் யாருக்குச் செல்லும் என்பதை, அதை உருவாக்கிய அரச பட்டயத்தில் எழுதியிருக்கும் வாரிசு விதியே முடிவு செய்யும். குயின்ஸ்பெரி என்னும் ஸ்கொட்லாந்துப் பெயரில் டியூக், மார்க்விஸ் ஆகிய இரு பட்டங்களும் டக்ளஸ் குடும்பத்தின் ஒருவரிடமே இருந்தன. நான்காவது டியூக் பிள்ளைகள் இல்லாமல் 1810இல் இறந்தபோது, இரு பட்டங்களின் விதிகளும் வெவ்வேறாக இருந்தமையால், டியூக் பட்டம் பெண்வழி உறவினராகிய பக்ளூ டியூக்கிடமும், மார்க்விஸ் பட்டம் ஆண்வழித் தூரத்து உறவினராகிய ஒரு டக்ளஸ் பாரனெட்டிடமும் சென்றன. இன்றும் பக்ளூ டியூக்கே குயின்ஸ்பெரி டியூக்கும் ஆவார். 1867இல் வெளியான குத்துச்சண்டை விதிகளுக்குப் பெயர் தந்தவர் மற்றக் கிளையின் ஒன்பதாவது மார்க்விஸ்.

பட்டமும் சொத்தும் பிரிந்து செல்லும் நிகழ்ச்சிகளும் உண்டு. டிக்கோயாவில் பிளேயர் அத்தோல் என்று ஒரு தோட்டம் இருப்பது உனக்குத் தெரிந்திருக்கலாம். ஸ்கொட்லாந்தின் பிளேயர் அத்தோல் கிராமத்தில் அத்தோல் டியூக்கின் கோட்டை உள்ளது. மணமாகாத பத்தாவது டியூக் 1996இல் இறக்குமுன் கோட்டையையும் நிலத்தின் பெரும்பகுதியையும் அறக்கட்டளை ஒன்றுக்கு ஒப்படைத்துவிட்டார். பட்டத்தை அப்படி ஒப்படைக்கச் சட்டத்தில் இடமில்லாததால், அது தென்னாபிரிக்காவில் நில அளவையாளராக வேலை செய்த தூரத்து உறவினரைத் தேடிச் சென்றது. பதினோராவது டியூக்குக்குக் கோட்டை சொந்தமில்லை. அவர் தொடர்ந்து தென்னாபிரிக்காவிலேயே வாழ்ந்தார்.

மூத்த பிள்ளை மகளாக இருந்தால் பட்டம் கிடைக்காதா? அரச குடும்பத்தில் அந்தச் சட்டத்தை மாற்றிவிட்டார்களே.
– ஆசிரியை, ஹட்டன்

மாற்றியது முடிக்கு மட்டும். 2013ஆம் ஆண்டின் முடியுரிமைச் சட்டத்தால், அரசு கட்டில் ஏறுவதில் ஆண், பெண் வேறுபாடு நீங்கியது. பிரபுக் குடும்பங்களுக்கு அது பொருந்தாது. அங்கு ஐந்து அக்காமார் இருந்தாலும் கடைக்குட்டித் தம்பிக்கே பட்டம். தம்பியும் இல்லாவிட்டால் பெரும்பாலும் சித்தப்பாவுக்கோ அவருடைய மகனுக்கோ போகும். ஸ்கொட்லாந்தின் பழைய ஏர்ல் பட்டங்கள் சிலவும், இங்கிலாந்தின் மிகப் பழைய பாரன் பட்டங்கள் சிலவும் மகள்மாருக்கும் செல்லக்கூடியவை.

சிறப்பு விதி எழுதிப் பெறுவதும் உண்டு. 1944இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவில் அமைத்திருந்த மவுண்ட்பேட்டனைக் கண்டிக்காரர்களுக்குத் தெரியாமல் இராது. அக்காலத்தில் அவரும் மார்க்விஸ் ஒருவரின் இளைய மகன் என்ற முறையில் "லோர்ட் லூயி" என்று மரியாதைக்கு அழைக்கப்பட்டவரே. போரின் பின் 1946இல் விஸ்கவுண்ட்டும் 1947இல் ஏர்லும் ஆக்கப்பட்டபோது, அவருக்கு இரு பெண்மக்கள் மட்டுமே இருந்தபடியால், மகளுக்கும் செல்லும் என்று பட்டயத்திலேயே எழுதப்பட்டது. 1979இல் அவர் கொல்லப்பட்டபின் மூத்த மகள் பட்ரிசியா இரண்டாவது மவுண்ட்பேட்டன் கவுண்டஸ் ஆனார். போரில் வென்றவருக்குக் கிடைத்த சலுகை சாதாரணப் பிரபுக்களின் மகள்மாருக்கு இன்றளவும் கிடைக்கவில்லை. நூறாண்டுகளுக்கு மேலாக வாக்குரிமை பேசும் நாட்டில் இது எப்படி நிலைக்கிறது என்று கேட்டால், எனக்குத் திருப்தி தரும் விடை எதுவும் இல்லை.

1985இல் விக்டோரியா அணைக்கட்டைத் திறந்து வைத்த மார்கரட் தட்சரின் வீட்டிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். பிரதமராக இருந்தவர் அவர். 1992இல் அவருக்குக் கிடைத்ததோ வாழ்நாள் பிரபுப் பட்டம், 2013இல் அவரோடு முடிந்தது. அவருடைய கணவர் டெனிஸுக்கு அளிக்கப்பட்ட பாரனெட் பட்டம் பரம்பரையானது. 2003இல் அது மகனுக்குச் சென்றது. இரட்டைப் பிள்ளைகளில் மற்றவர் மகள் என்பதால், அவர் அந்த வரிசையில் இல்லை.

சோல்பரி பிரபுவின் மகன் சாமியாரானார் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் பட்டம் என்ன ஆனது?
– ஆலய அறங்காவலர், கண்டி

உண்மை. நம் அரசியலமைப்பு வரலாற்றில் 1944ஆம் ஆண்டு ஆணைக்குழுவால் பெயர் பெற்று, 1949 முதல் 1954 வரை மகாதேசாதிபதியாக இருந்தவர் ஹெர்வால்ட் ராம்ஸ்பொத்தம். அவர் 1941இல் சோல்பரி பாரன். 1954இல் சோல்பரி விஸ்கவுண்ட். அவருடைய மூத்த மகன் ஜேம்ஸ், யாழ்ப்பாணம் கொழும்புத்துறை யோகர் சுவாமிகளை அடைந்து, சந்தசுவாமி என்ற பெயரோடு சைவத் துறவு வாழ்க்கை வாழ்ந்தார். 1971இல் தந்தை மறைந்தபோது சட்டப்படி அவரே இரண்டாவது விஸ்கவுண்ட். துறவு பூணுவதால் பட்டம் தானாக நீங்காது. அதை நீக்குவதற்கென்று தனிச் சட்டமுறை உண்டு. 2004இல் சந்தசுவாமி காலமானபின், அமெரிக்காவில் பிரித்தானியத் தூதுவராக இருந்த அவருடைய தம்பி சேர் பீட்டர் மூன்றாவது விஸ்கவுண்ட் ஆனார்.

பிரபுக் குடும்பங்கள் பற்றிய ஆங்கிலக் குறிப்பேடுகளில் இந்தக் குடும்பத்துக்கு ஒதுக்கப்படும் சில வரிகளில், யோகர் சுவாமிகளின் குருவான செல்லப்பா சுவாமிகளின் மரபில் வந்த ஒருவர் விஸ்கவுண்ட் வரிசையில் இருப்பதைப் பார்க்க எனக்குத் தனி மகிழ்ச்சி.

இந்தப் பிரபுக்கள் இன்னும் நாடாளுமன்றத்தில் அமர்ந்து சட்டம் செய்கிறார்களா? பட்டம் வேண்டாம் என்று சொல்ல முடியாதா?
– தொழிற்சங்கப் பணியாளர், தலவாக்கலை

பிரபுக்கள் சபையின் பிடி படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. 1911இல் சட்டங்களை அடியோடு தடுக்கும் அதிகாரம் போனது. 1958இல் வாழ்நாள் பிரபுக்கள் வந்தார்கள். 1999இல் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர 600க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். எஞ்சிய 92 இடங்களையும் நீக்குவதற்கான சட்டமூலம் 2024இல் முன்வைக்கப்பட்டது. அந்த இடங்களுக்கு நடந்த இடைத்தேர்தல்கள் தொழிற்சங்கத் தேர்தல்களில் பழகிய தங்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும்: 2016இல் லிபரல் ஜனநாயகக் கட்சியின் ஓர் இடத்துக்கு ஏழு பேர் போட்டியிட்டார்கள், வாக்காளர்கள் மூவர். மூன்று வாக்குகளையும் பெற்று தேர்சோ விஸ்கவுண்ட் வெற்றி பெற்றார்.

வேண்டாம் என்று சொல்லலாம். அந்த உரிமைக்காகப் போராடியவர் தொழிற்கட்சியின் டொனி பென். 1960இல் தந்தை இறந்ததும், விருப்பமில்லாமலே ஸ்டான்ஸ்கேட் விஸ்கவுண்ட் ஆகிவிட்டதால், மக்கள் தெரிந்தெடுத்த ஆசனத்தை இழந்தார். அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் வென்றும் சபைக்குள் விடவில்லை. 1963இல் சட்டம் மாற்றப்பட்டது. பட்டம் தம்மிடம் வந்து 12 மாதங்களுக்குள் அதைத் துறக்கலாம். அச்சட்டம் வந்த சில மாதங்களிலேயே, ஹோம் ஏர்ல் தம் பட்டத்தைத் துறந்து பிரதமராகப் பொதுமக்கள் சபைக்கு வந்தார். ஆயினும் பட்டத்தைத் துறப்பது துறந்தவரின் ஆயுள் வரை மட்டும்தான். 2014இல் டொனி பென் காலமானதும் அவருடைய மூத்த மகன் மூன்றாவது விஸ்கவுண்ட் ஆனார். 2021இல் பிரபுக்கள் சபையிலும் சென்று அமர்ந்தார். தந்தை என்ன சொல்லியிருப்பார் என்பதைத் தங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

வெளிநாட்டிலுள்ள என் மைத்துனர், ஸ்கொட்லாந்தில் ஒரு சதுர அடி நிலத்தை இணையத்தில் வாங்கி, இனித் தம்மை "லோர்ட்" என்று அழைக்க வேண்டும் என்கிறார். சட்டப்படி இது செல்லுமா?
– வர்த்தகர், நுவரெலியா

செல்லாது. பரம்பரைப் பிரபுப் பட்டத்தை விற்கவோ, வாங்கவோ, தானம் செய்யவோ, உயிலில் எழுதவோ முடியாது. தத்துப் பிள்ளைக்குக்கூட அது செல்லாது. நிலத்தோடு எந்தப் பட்டமும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. இங்கிலாந்தில் "மேனர் லோர்ட்" என்று ஏலத்தில் விற்பனையாவது பழைய கிராம நிலவுரிமை ஒன்றின் எச்சம். அதற்கும் பிரபு வரிசைக்கும் தொடர்பில்லை.

முன்பு பட்டங்கள் விலைபோனது உண்மை. லொயிட் ஜோர்ஜ் பிரதமராக இருந்தபோது கட்சி நிதிக்குப் பணம் கொடுத்தவர்களுக்குப் பட்டங்கள் கிடைத்தது பெரும் அவப்பெயராகி, 1925இல் பட்ட விற்பனையைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. அந்தத் தரகில் பேர்போன மவுண்டி கிரகரி 1933இல் அச்சட்டத்தின் கீழ் இரண்டு மாதச் சிறையும் 50 பவுண் தண்டமும் பெற்றார். மைத்துனர் ஏமாந்தது சிறு தொகையாகவே இருக்கும். சான்றிதழைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளத் தடையில்லை. வங்கிப் படிவத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.